குழாய் யார் கணக்கில் சேர்கிறது?

ஒரு சட்டமன்ற உறுப்பினரோ, நாடாளுமன்ற உறுப்பினரோ, ஊராட்சித் தலைவரோ தம் பகுதிக்குச் சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் என்று ஏதாவது கொண்டுவந்தால் மக்கள் அடுத்த தேர்தலில் அதற்கு ஓட்டால் நன்றி சொல்வார்கள் என்பது நம் அரசியலின் பழைய நம்பிக்கை. அந்த நன்றி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா, அல்லது பெண்களைப் பற்றி ஊர் ஏற்கெனவே வைத்திருக்கும் கணிப்புகள் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றனவா என்பது இங்கே கேட்கப்பட்ட கேள்வி.

ஒரே அளவில் கிடைப்பதில்லை என்பதே என் பதில். ஆனால் அந்தக் குறைவு எந்த இடத்தில் நேர்கிறது என்பதில்தான் பெரும்பாலான விவாதங்கள் தடம் மாறுகின்றன. பெண் என்பதற்காகவே ஓட்டுப் போட மறுப்பவர்கள் எங்கும் உண்டு என்றாலும், அவர்களை மட்டும் வைத்து இதை விளக்கிவிட முடியாது. வாக்குச்சாவடிக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே, தெருவில் குழாய் வந்த அன்றே, அதைக் கொண்டுவந்தவர் யார் என்று ஊர் தனக்குள் ஒரு கணக்கு எழுதிக்கொள்கிறது. பெண்ணின் பெயர் விடுபடுவது அந்தக் கணக்கில்தான் என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

முதலில், பேர் வாங்குவது எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மீண்டும் வெல்ல விரும்பும் ஓர் உறுப்பினர் செய்யும் வேலைகளை அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் மேஹ்யூ 1974-இல் மூன்றாகப் பிரித்தார்: தம் பெயரைப் பரப்புவது, நடந்த நன்மைக்குத் தாமே காரணம் என்று உரிமை கொண்டாடுவது, பொதுப் பிரச்சினைகளில் நிலைப்பாடு எடுப்பது. நம் கேள்வி இரண்டாவதைச் சேர்ந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊருக்கு வரும் எந்த நன்மைக்கும் தகப்பன்மார் பலர். ஒரு மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எடுத்துக்கொண்டால், ஊராட்சியின் தீர்மானம், ஒன்றிய அலுவலகத்தின் மதிப்பீடு, மாவட்ட ஆட்சியரின் நிர்வாக அனுமதி, சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரை, மாநில அரசின் பங்கு, மத்திய அரசின் பங்கு என்று ஐந்தாறு கைகள் அதில் பட்டிருக்கும். 1993 டிசம்பரில் தொடங்கிய நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் இதே நிலைதான். அந்த ஆண்டு தலைக்கு 5 லட்சம் ரூபாயாக இருந்த ஒதுக்கீடு 2011-12 முதல் ஆண்டுக்கு 5 கோடி ரூபாயாக உயர்ந்திருக்கிறது; ஆனாலும் உறுப்பினர் பரிந்துரை மட்டுமே செய்யலாம், அனுமதியும் செயலாக்கமும் மாவட்ட நிர்வாகத்தின் கையில். வாக்காளர் இந்தக் கோப்புகளில் எதையும் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது தொட்டியின் வயிற்றில் நீல வண்ணத்தில் எழுதியிருக்கும் திட்டத்தின் பெயரையும், மதிப்பீட்டுத் தொகையையும், திறப்பு விழா அன்று கட்டிய ஃபிளெக்ஸில் யார் படம் பெரிதாக இருந்தது என்பதையும்தான்.

அமெரிக்காவில் ஜஸ்டின் கிரிம்மரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. வந்த தொகை எவ்வளவு என்பதைவிட, ‘நான் கொண்டுவந்தேன்’ என்று உறுப்பினர் எத்தனை முறை சொன்னார் என்பதற்கே மக்கள் அதிகம் அசைகிறார்கள் என்பது அவர்களின் முடிவு. நம் ஊரில் திறப்பு விழா மேடைக்கு ஏன் அவ்வளவு அடிதடி நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கண்டதில்லை. நன்மை என்பது பாதி வேலை, அதைத் தன் பெயரோடு ஒட்டவைப்பது மீதி வேலை என்றால், அந்த மீதி வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வசதி இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன்னால், பெண்கள் கொண்டுவருவதே குறைவாக இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்த்துவிடலாம். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையை 1984 முதல் 2004 வரை ஆராய்ந்த சாரா அன்சியாவும் கிறிஸ்டோஃபர் பெர்ரியும், பெண் உறுப்பினர்கள் தம் தொகுதிகளுக்கு ஆண்களைவிட ஏறக்குறைய 9 சதவீதம் கூடுதலான மத்திய அரசு நிதியைக் கொண்டுவருகிறார்கள் என்று 2011-இல் காட்டினார்கள். அவர்கள் சொன்ன காரணம் பேஸ்பால் ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சனிடமிருந்து வருகிறது. பல பத்தாண்டுகளாக வெள்ளையர் மட்டுமே ஆடிவந்த பெரிய லீக்கில் 1947-இல் நுழைந்து அந்தத் தடையை உடைத்த கறுப்பர் அவர். கதவு அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், சாதாரணமாக ஆடக்கூடிய ஒருவர் அதைத் தள்ளித் திறந்திருக்கவே முடியாது. அரசியலிலும் வாசலிலேயே தடை இருந்தால், அதைத் தாண்டி உள்ளே வரும் பெண்கள் சராசரி ஆண் உறுப்பினரைவிடத் திறமைசாலிகளாகத்தான் இருப்பார்கள். இந்த விளக்கம் சரியா என்பதை அவர்கள் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. இறந்துபோன கணவரின் இடத்துக்கு வந்த பெண் உறுப்பினர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களிடம் இந்தக் கூடுதல் திறமை தெரியவில்லை. அனுதாப அலையில் கதவு தானாகத் திறந்ததால், அங்கே யாரையும் வடிகட்டவில்லை. இடைத்தேர்தலில் மறைந்த உறுப்பினரின் மனைவியை நிறுத்தும் வழக்கம் உள்ள நம் நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

இந்தியச் சட்டமன்றத் தொகுதிகளை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. 1992 முதல் 2012 வரை 4,265 தொகுதிகளை எடுத்துக்கொண்டு, ஆணும் பெண்ணும் நேருக்கு நேர் மோதி நூலிழை வித்தியாசத்தில் முடிவான தேர்தல்களை ஒப்பிட்டார்கள். செயற்கைக்கோள் படங்களில் தெரியும் இரவு வெளிச்சத்தை வளர்ச்சியின் அளவுகோலாகக் கொண்டதில், பெண்கள் வென்ற தொகுதிகள் வேகமாக வளர்ந்திருந்தன. கிராமச் சாலைத் திட்டங்களைப் பற்றி அதில் ஒரு தகவல் இருக்கிறது. சாலையைத் தொகுதிக்கு வாங்கிவருவதில் ஆண், பெண் இருவரும் சமம். தொடங்கிய சாலையை முடித்துவைப்பதில் பெண்கள் முந்தியிருந்தார்கள். பேர் வாங்கும் கணக்கில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நம் அரசியலில் அடிக்கல் நாட்டு விழாவுக்குத்தான் மாலையும் மேளமும். ஜல்லி கொட்டி இரண்டு ஆண்டுகள் கிடந்த சாலைக்குத் தார் போடவைப்பதற்கு, ஒப்பந்ததாரரையும் உதவிப் பொறியாளரையும் விடாமல் துரத்தவேண்டும். அந்தத் துரத்தலைப் படம் எடுத்து எந்தப் பத்திரிகையும் போடாது. முடிந்த சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டிய சாலை, அவ்வளவுதான். எந்த வேலையில் பெண்கள் கூடுதலாகத் தேறுகிறார்களோ அந்த வேலை கண்ணுக்குத் தெரியாததாக இருக்கிறது.

கேள்வியின் மையத்துக்கு வருவோம். 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, ஊராட்சித் தலைவர் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. எந்த ஊராட்சி ஒதுக்கப்படும் என்பது ஏறக்குறைய குலுக்கல்போல அமைந்ததால், ஆய்வாளர்களுக்கு ஒரு பெரிய சோதனைக்கூடமே கிடைத்தது. மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்திலும் ராகவேந்திர சட்டோபாத்யாயாவும், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் செய்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. பெண் தலைவர்கள் இருந்த இடங்களில் குடிநீருக்குக் கூடுதல் முதலீடு நடந்திருந்தது. அந்தந்த ஊர்ப் பெண்கள் ஊராட்சியிடம் அதிகமாகப் புகார் செய்த பொருளும் தண்ணீர்தான். இந்த ஆய்வைப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே காலத்தில் டுஃப்லோ, பெட்டியா டோபலோவாவுடன் சேர்ந்து எழுதிய மற்றோர் ஆய்வை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. நம் கேள்விக்கு நேர்விடை அதில்தான் இருக்கிறது. பல மாநிலங்களின் ஊர்களை எடுத்து, அங்கே உள்ள பொது வசதிகளை நேரில் எண்ணியும் தரம் பார்த்தும் ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதே ஊர் மக்களிடம் அவற்றைப் பற்றிய திருப்தியைக் கேட்டு இன்னொரு பட்டியல். பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளில் வசதிகள் அதிகமாக இருந்தன, தரமும் குறையவில்லை, வேலை ஆக லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்களும் அங்கே குறைவு. ஆனால் மக்களின் திருப்தி மட்டும் அங்கே தாழ்ந்திருந்தது. ஊராட்சியின் அதிகாரத்துக்கே உட்படாத சேவைகளிலும் அவர்கள் அதிருப்தி தெரிவித்திருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வேலையை மதிப்பிட்டு மதிப்பெண் குறைத்திருந்தால், தலைவரின் கைக்கு எட்டாத வேலைக்கும் ஏன் குறைக்க வேண்டும்? மதிப்பெண் முன்னமே எழுதப்பட்டுவிட்டது, விடைத்தாள் பிறகுதான் வந்தது.

அது எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு கிராம சபைக் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் 2 அன்று நான் அப்படி உட்கார்ந்திருந்த ஊரில், தலைவர் ஒரு பெண். பந்தலில் நடு நாற்காலி அவருடையது. தீர்மானங்களை ஊராட்சிச் செயலர் படிக்கப் படிக்க அவர் கையெழுத்திட்டார். கணக்கு கேட்டபோது எந்தத் தெருவில் எத்தனை இணைப்பு பாக்கி என்று தாளைப் பார்க்காமலே சொன்னார். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “தலைவரம்மாவுக்கு வணக்கம்” என்று மரியாதையாகத் தொடங்கினார். அடுத்த வாக்கியத்தில் அவர் முகம் பந்தல்காலின் ஓரம் திரும்பியது. அங்கே நின்றிருந்த தலைவரின் கணவரைப் பார்த்து, “தம்பி, மேலத்தெரு மோட்டார் மூணு நாளா ஓடல, டேங்க் ஆப்பரேட்டரைக் கேட்டா ஒயரு போயிருச்சுங்கறான், என்னன்னு பாருப்பா” என்றார். வணக்கம் ஒருவருக்கு, மனு இன்னொருவருக்கு. மோட்டாரை மறுநாள் சரிசெய்தது யார் ஏற்பாட்டில் என்று எனக்குத் தெரியாது. மேலத்தெருவைப் பொறுத்தவரை ‘தம்பி’ சொல்லி மோட்டார் ஓடியது என்றே அது பதிவாகியிருக்கும். வடநாட்டில் இத்தகைய கணவர்களுக்குச் ‘சர்பஞ்ச் பதி’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே மனைவியின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நிர்வாகம் செய்யும் கணவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நான் சொல்வது, அப்படி இல்லாத ஊரிலும் மக்கள் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதை.

இதை அரசியலுக்கு வெளியே இன்னும் துல்லியமாக அளந்திருக்கிறார்கள். ஹெதர் சார்சன்ஸ் என்ற பொருளியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொருளியல் ஆசிரியர்களின் பணி நிரந்தரத்தை ஆராய்ந்தார்கள். தனியாக எழுதிய கட்டுரைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மதிப்பு கிடைத்தது. பிறருடன் சேர்ந்து எழுதியபோது ஆணுக்கு அதே மதிப்பு நின்றது, பெண்ணுக்குக் குறைந்தது, அதிலும் சேர்ந்து எழுதியவர் ஆணாக இருந்தால் வெகுவாகக் குறைந்தது. பலர் கை சேர்ந்த வேலையில் யார் பங்கு எவ்வளவு என்று தெரியாதபோது, அந்த வெற்றிடத்தை வழக்கமான எண்ணம் நிரப்பிவிடுகிறது. மேலே சொன்ன நீர்த்தேக்கத் தொட்டியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அரசியலில் தனியாக எழுதும் கட்டுரை என்று ஒன்று கிடையாது. ஊருக்கு வரும் ஒவ்வொரு நன்மையும் கூட்டுக் கட்டுரைதான்; கூட இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தாம். அமைச்சர் ஆண், ஒப்பந்ததாரர் ஆண், பொறியாளர் ஆண், கட்சியின் மாவட்டச் செயலாளர் ஆண். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலில் வென்ற 234 பேரில் பெண்கள் 12 பேர். அந்த 12 பேரில் ஒருவர் தம் தொகுதிக்குக் கலைக் கல்லூரி கொண்டுவந்தால், அமைச்சரிடம் அவருக்காகப் பேசியவர் யார் என்ற கேள்வி ஊரில் உடனே எழும். ஓர் ஆண் உறுப்பினர் கொண்டுவந்தால் அந்தக் கேள்வி எழுவது அரிது.

இத்துடன் வேறொரு வகை எண்ணமும் சேர்ந்துகொள்கிறது. பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கணிப்பு ஒன்று. பெண்கள் எப்படி இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் குழப்பம்தான். முதல் வகையின்படி பெண்களுக்குப் பள்ளி, மருத்துவமனை, தண்ணீர் ஆகியவை இயல்பாக வரும். பாலம், தொழிற்பேட்டை, பேரம் பேசி வாங்கவேண்டிய பெரிய நிதி ஆகியவை வராது. இதனால் பெண் உறுப்பினர் அங்கன்வாடி கட்டினால், அது அவரிடம் எதிர்பார்த்ததுதான் என்று கடந்துபோகிறார்கள். ஆண் உறுப்பினர் அதே அங்கன்வாடியைக் கட்டினால், குழந்தைகள்மேல் இவருக்கு எவ்வளவு அக்கறை என்று வியக்கிறார்கள். வீட்டில் நாள் தவறாமல் சமைக்கிறவரை விட்டுவிட்டு, தீபாவளிக்கு ஒருநாள் பிரியாணி செய்தவரை உறவெல்லாம் புகழ்வதைப் போன்றதுதான் இதுவும். பெண் பாலம் கொண்டுவந்தால் வியப்பு கூடவேண்டும் என்று தோன்றும். ஆனால் அங்கே கூட்டுக் கட்டுரைச் சிக்கல் குறுக்கே வந்து, பாலத்தை வேறு யாருக்காவது எழுதிக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது வகை, அடக்கத்தைப் பற்றியது. தன் திறமையைத் தானே எடுத்துச் சொல்லும் பெண்ணைப் பற்றி லாரி ரட்மன் 1998-இல் வெளியிட்ட உளவியல் சோதனைகள் பலமுறை பேசப்பட்டவை. அப்படிப் பேசும் பெண் திறமைசாலி என்று கேட்பவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவரை விரும்பவில்லை. கேட்பவர் பெண்ணாக இருந்தாலும் இதே நிலைதான் என்பது அந்த ஆய்வின் சங்கடமான பகுதி. அரசியலில் மீதி வேலை என்று நான் முன்பு சொன்னது முழுவதும் தன்னைத் தானே எடுத்துச் சொல்வதுதான். பேசாமல் இருந்தால் நன்மை வேறொருவர் கணக்கில் சேர்கிறது. பேசினால் ‘இந்த அம்மாவுக்கு எவ்வளவு வாய்’ என்று ஊர் முகம் சுளிக்கிறது. தேர்ந்த பெண் அரசியல்வாதிகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நேரடியாகச் சொல்லாமல், மகளிர் குழுவினரைக் கொண்டு மேடையில் சொல்லவைக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் இந்த முடிச்சை அவிழ்த்த ஒருவர் ஜெயலலிதா. 2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியது. அதே ஆண்டில் அம்மா குடிநீர். பிறகு அம்மா உப்பு, அம்மா மருந்தகம், அம்மா சிமெண்ட். இட்லி 1 ரூபாய் என்பதைப் போலவே, அது யார் கொடுத்த இட்லி என்பதிலும் யாருக்கும் ஐயம் இருக்க வழியில்லாமல் செய்தார். பல தகப்பன்மார் உள்ள நன்மைக்கு ஒரே ஒரு தாயின் பெயரைச் சூட்டினார் என்று சொல்லலாம். ‘நான் செய்தேன்’ என்று ஒரு பெண் சொன்னால் உறுத்தும் இடத்தில், ‘அம்மா கொடுத்தார்’ என்பது உறுத்தவில்லை. ஊட்டுவது அம்மாவின் இயல்பு என்ற அதே பழைய எண்ணத்தைத்தான் அவர் தமக்குச் சாதகமாகத் திருப்பினார். இதை அவருடைய அரசியல் மதிநுட்பத்தின் உச்சம் என்றே கருதுகிறேன். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. அவருடைய கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்கள், பெண்கள் உட்பட, தம் தொகுதியில் செய்த எதற்கும் தம் பெயரில் உரிமை கொண்டாட முடியவில்லை. எல்லாமே ‘அம்மாவின் ஆணைக்கிணங்க’ நடந்தன.

எதிர்முனையில் மதுரை வில்லாபுரத்தின் லீலாவதி இருக்கிறார். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சார்பில் மாநகராட்சி மாமன்ற உறுப்பினராக வென்று, தண்ணீரை விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த அந்தப் பகுதிக்கு மாநகராட்சிக் குடிநீரைக் கொண்டுவரப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று நட்டநடுத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தத் தண்ணீர் யாரால் வந்தது என்று வில்லாபுரத்தில் யாரும் குழம்பியதில்லை. ஒரு பெண் உறுப்பினரின் பெயர் ஒரு குழாயோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்வதற்கு இப்படியும் ஒரு வழி இருந்திருக்கிறது என்பதை எழுதவே கை கூசுகிறது.

என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான சான்று ஒன்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. கற்பனை வேட்பாளர்களின் விவரங்களைக் காட்டி ‘யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்’ என்று கேட்கும் சோதனைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றில் 67 சோதனைகளைத் தொகுத்து 2022-இல் வந்த ஆய்வின்படி, மற்ற எல்லாம் சமமாக இருந்தால் பெண் வேட்பாளருக்குச் சராசரியாக 2 சதவீதப் புள்ளி கூடுதல் ஆதரவே கிடைக்கிறது. அப்படியானால் பாகுபாடு எங்கே என்று கேட்கலாம். அந்தச் சோதனைகளில் வேட்பாளரின் சாதனை தாளிலேயே அச்சிட்டிருக்கும். அது யாருடையது என்ற சண்டையே அங்கே இல்லை. உண்மைத் தேர்தலில் அந்தத் தாளை ஊர்தான் நிரப்புகிறது. பிரேசிலின் மேயர் தேர்தல்களை ஆராய்ந்த பெர்னாண்டா ப்ரோல்லோவும் உகோ ட்ரோயானோவும் கண்டது இதற்குப் பக்கபலம். அங்கே நூலிழையில் வென்ற பெண் மேயர்களிடம் ஊழல் குறைவாக இருந்தது; தேர்தல் ஆண்டில் தற்காலிகப் பணியாளர்களை அள்ளிப்போட்டுக்கொள்ளும் பழக்கமும் குறைவாக இருந்தது; மறுபடி நின்றபோது தேர்தல் நன்கொடையும் குறைவாகவே வந்தது; மீண்டும் வெல்லும் வாய்ப்பும் ஆண்களைவிடக் குறைவு. தற்காலிக வேலை ஒருவர் கையில் தரப்படும் நன்மை, யார் கொடுத்தது என்று வாங்கியவருக்கு நன்றாகத் தெரியும். நேர்மையான நிர்வாகம் எல்லாருக்கும் பொதுவானது, அதற்கு யாரும் யாருக்கும் கடன்பட்டதாக உணர்வதில்லை.

இது மாறுமா என்றால், மாறுகிறது. ஆனால் முதலில் வரும் பெண்ணுக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை. மேற்கு வங்க ஊராட்சிகளில் ஒரே உரையை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து மக்களுக்குப் போட்டுக்காட்டிய ஆய்வில், பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களின் ஆண்கள் பெண் குரலுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். இட ஒதுக்கீட்டின் வழியே பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் அந்த இடைவெளி மறைந்திருந்தது. ‘தலைவராக ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா’ என்று நேரடியாகக் கேட்டால் மனம் அவ்வளவாக மாறவில்லை. ‘பெண்ணால் முடியுமா’ என்ற ஐயம்தான் தீர்ந்திருந்தது. தொடர்ந்து இரண்டு முறை ஒதுக்கீடு பெற்ற ஊர்களில், அடுத்து வந்த பொது இடங்களிலும் பெண்கள் அதிகமாக நின்றார்கள், வென்றார்கள். மும்பை மாநகராட்சியில் 1997-இல் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டுகள் 2002-இல் பொதுவானபோது, முன்பு ஒதுக்கீடே இல்லாத வார்டுகளைவிட அங்கே பெண் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது என்று ரிகில் பவ்னானி காட்டியிருக்கிறார். ஆகவே ஒரு தலைமுறைப் பெண்கள் பேர் கிடைக்காமலே வேலை செய்து, அடுத்து வரும் பெண்களுக்காகக் கணக்கைத் திருத்திவிட்டுப் போகிறார்கள்.

இங்கேதான் சுழற்சி முறையின் விதிகள் முக்கியமாகின்றன. விவாதங்களில் இதை யாரும் போதுமான அளவு கவனிப்பதில்லை. நன்றி சொல்ல வேண்டுமானால், நன்றிக்குரியவரின் பெயர் அடுத்த தேர்தலின் வாக்குச்சீட்டில் இருக்கவேண்டும். பல மாநிலங்களில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒதுக்கீட்டு ஊராட்சிகள் மாறுவதால், ஐந்தாண்டு உழைத்த பெண் தலைவர் பொது இடத்தில் கணவருக்கோ கொழுந்தனாருக்கோ வழிவிட்டு வீட்டுக்குப் போகிறார். தமிழ்நாட்டில் ஒரு ஒதுக்கீடு பத்தாண்டு, அதாவது இரண்டு பதவிக்காலம், நீடிக்கும். 2016-இல் ஒதுக்கீட்டின் அளவும் 50 சதவீதமானது. இரண்டாம் முறை அதே இடத்தில் நிற்க வாய்ப்பு இருப்பதால், தொட்டி யார் கட்டியது என்பதை ஊர் ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லவேண்டியிருக்கிறது. அங்கே போட்டியிடுகிறவர்கள் அனைவரும் பெண்கள் என்பதால் கணவர்களுக்கு இடையிலான போட்டியாக அது சுருங்கும் ஆபத்தும் உண்டு. நான் பார்த்த தேர்தல்களில் சுவரெழுத்தில் வேட்பாளரின் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், இன்னார் மனைவி என்று எழுதியிருந்ததைப் பல ஊர்களில் கண்டிருக்கிறேன்.

சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106-ஆவது திருத்தம் 2023-இல் நிறைவேறியது. ஒதுக்கிய தொகுதிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் மாறாமல், ஒவ்வொரு தொகுதி மறுவரையறைக்குப் பிறகே சுழலும் என்று அதில் இருக்கிறது. 15 ஆண்டுகள் என்று கால வரம்பு வைத்திருக்கும் ஒரு சட்டத்தில் இது சிறிய விதியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு தொகுதியில் ஒரே பெண் உறுப்பினர் இரண்டு மூன்று முறை நின்று, தாம் தொடங்கிய பாலத்தைத் தாமே திறந்துவைத்து, அதன் கல்வெட்டில் தம் பெயருக்குக் கீழே ‘முன்னிலை’ என்ற வரியில் அமைச்சரின் பெயர் வரும்படி பார்த்துக்கொள்ள அந்த விதி இடம் தருகிறது.